டர்பனில் ஒரு தீட்சிதர் மாலை நடத்துவது எப்படி

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதரைப் பற்றி நிகழ்ச்சி என்றால் நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் ஒருவர் எழுந்து இருபது நிமிடம் வாழ்க்கை வரலாறு வாசிப்பார். பின்வரிசைத் தாத்தாக்கள் கண்ணயர்வார்கள். அதன் பிறகு பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த நாலு பாட்டைத் தெரிந்த வரிசையில் பாடி முடிப்பார்கள். வாசித்ததற்கும் பாடியதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

தீட்சிதர் விஷயத்தில் இது பெரிய நஷ்டம். மும்மூர்த்திகளில் இன்னொருவரான தியாகராஜர் வாழ்நாளில் பெரும்பகுதி திருவையாற்றிலேயே இருந்தவர். தீட்சிதர் ஊர் ஊராக நடந்தவர். போன ஊரின் சாமி, தலம், தீர்த்தம் எல்லாவற்றையும் பாட்டுக்குள் வைத்தவர். அவருடைய பாட்டுகளை ஊர் வரிசையில் அடுக்கினாலே வாழ்க்கை தானாக வந்துவிடும். தனியாகப் பேச்சு வேண்டியதில்லை. இங்கே சொல்லப்போவது அந்த முறைதான். டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ டொங்காட்டோ, ஒரு சங்கத்தில் பன்னிரண்டு பிள்ளைகள், பாடத் தெரிந்த ஒரு பெரியவர், ஒரு வீணை, ஒரு மிருதங்கம், ஒரு கீபோர்டு இருந்தால் 80 நிமிட நிகழ்ச்சிக்குப் போதும்.

நாள் குறிப்பது

தீட்சிதர் பிறந்தது 1775 பங்குனி, கார்த்திகை நட்சத்திரம். மறைந்தது 1835 தீபாவளி, நரக சதுர்த்தசி. இரண்டு நாளுமே இங்கே இடிக்கும். பங்குனியில் உத்திரக் காவடி இருக்கிறது. அதை ஒட்டி ஈஸ்டர் வரும். புனித வெள்ளியன்று கூட்டமெல்லாம் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் இருக்கும். தீபாவளிப் பக்கம் போனால், அமாவாசை கழிந்ததும் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். பெரிய பிள்ளைகளுக்கு மெட்ரிக் என்னும் பள்ளி இறுதிப் பரீட்சை நேரமும் அதுதான். ஒத்திகைக்கு ஆள் கிடைக்காது.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை, அதாவது ஆனி மாதத்தில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் 3 மணிதான் எங்கள் தேர்வு. பள்ளி விடுமுறை. ஆடி பிறந்துவிட்டால் வாராவாரம் ஏதாவது ஒரு கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், அதற்குள் முடித்துவிடலாம். இன்னொரு லாபமும் உண்டு. டர்பன் குளிர்காலத்தில் காற்றில் ஈரம் குறைவு, வாத்தியங்கள் சொன்னபடி கேட்கும். திதி தவறுகிறதே என்று பெரியவர்கள் கேட்டால், தீபாவளியன்று கோயிலில் விளக்கேற்றி ஒரே ஒரு பாட்டு பாடிவிடுங்கள். மேடை நிகழ்ச்சி ஆனியில் இருக்கட்டும்.

வரலாற்றைச் சலிப்பது

தீட்சிதரைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் வழியாக வந்தது. அவருடைய தம்பி பாலுசாமியின் பேரனும் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் நூலில்தான் வாழ்க்கைக் குறிப்பும், இருநூறுக்கும் மேற்பட்ட கிருதிகள், அதாவது அவருடைய பாட்டுகள், சுரக்குறிப்போடும் இருக்கின்றன. தெலுங்கு எழுத்தில் வந்த நூல். தமிழில் சென்னை மியூசிக் அகாடமி பின்னர் வெளியிட்டது. பாட்டு தேர்ந்தெடுக்கும்போது அந்த நூலில் உள்ளதா என்று பார்த்து எடுத்தால், ‘இது தீட்சிதர் பாட்டே இல்லை’ என்ற சண்டை வராது. அவர் பெயரில் பிற்காலத்தில் அச்சேறியவை நிறைய.

கதை எழுதும்போது கையில் இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உறுதியானவை: திருவாரூரில் பிறப்பு, தந்தை ராமசாமி தீட்சிதர், மணலி வாசம், சிதம்பரநாத யோகியோடு காசிப் பயணம், திருத்தணி, காஞ்சி, மறுபடி திருவாரூர், தஞ்சாவூர்ச் சீடர்கள், எட்டயபுரத்தில் மறைவு. இன்னொன்றில் வழிவழியாகச் சொல்லப்படுபவை: கங்கையில் வீணை கிடைத்தது, திருத்தணியில் முருகன் கிழவராக வந்து வாயில் கல்கண்டு போட்டது, பாடியதும் மழை பெய்தது. இரண்டாவது தாளில் உள்ளதை விட்டுவிடச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குப் பிடிப்பதே அதுதான். ‘என்று சொல்வார்கள்’ என்ற ஒரு சொல்லோடு சொல்லச் சொல்கிறோம். காசியில் எத்தனை ஆண்டு, எந்தப் பாட்டு எந்த ஆண்டு என்றெல்லாம் கணக்குச் சொல்லாதீர்கள். கேட்பவர்களில் ஒருவராவது கைபேசியில் தேடிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒன்றரை நிமிடம் பேச்சு. நிமிடத்துக்கு 90 சொல் என்ற நிதானத்தில் 130 சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். தமிழில் பேசி, ஆங்கிலத்தைத் திரையில் போடுங்கள். இரண்டையும் வாயால் சொன்னால் 12 நிமிடப் பேச்சு 24 நிமிடமாகும், பிள்ளைகள் மேடையில் கால் மரத்து உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாப் பாட்டையும் கோக்கும் நூல் ஒன்று இருக்கிறது: ‘குருகுஹ’ என்ற முத்திரை, அதாவது இயற்றியவர் தன் அடையாளமாகப் பாட்டுக்குள் வைக்கும் சொல். குருகுஹன் நம் முருகன்தான். காவடி எடுக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். பாட்டில் அந்தச் சொல் வரும் இடத்தில் ஒரு பிள்ளை எழுந்து ஒரு அகல் ஏற்றட்டும். சபை அடுத்த பாட்டிலிருந்து அந்தச் சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும். (மண்டபத்தில் தீயணைப்பு விதி இருந்தால் பேட்டரி அகல் வாங்கிக்கொள்ளுங்கள்.)

திருவாரூர்: தொடக்கம்

சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதர் 1775. மும்மூர்த்திகள் மூவரும் பிறந்தது ஒரே திருவாரூரில். இந்த ஒரு வாக்கியம் போதும் முன்னுரைக்கு. பாட்டு ‘வாதாபி கணபதிம்’, ஹம்ஸத்வனி, ஆதி தாளம், 7 நிமிடம். ஹம்ஸத்வனியை உருவாக்கியவர் தந்தை ராமசாமி தீட்சிதர் என்பது மரபு. எனவே அப்பாவின் ராகத்தில் பிள்ளையின் பாட்டு என்று அறிமுகப்படுத்தலாம். பாட்டின் கடைசிப் பகுதியான சரணத்தின் முடிவில் ‘ஹராதி குருகுஹ’ என்று இயற்றியவர் முத்திரையும், உடனே ‘ஹம்ஸத்வனி பூஷித’ என்று ராகத்தின் பெயரும் அடுத்தடுத்து வரும். அந்த இரண்டு இடத்தையும் பாட்டுக்கு முன்பே ஒரு தடவை சொல்லிக்காட்டுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டு என்பதால் இங்கே வரும் தவறு வேகம். சபையில் கைதட்டத் தொடங்கிவிடுவார்கள், பிள்ளைகள் அந்தக் கைதட்டலோடு ஓடுவார்கள், மத்தியமகாலம் (சொற்கள் இரட்டை வேகத்தில் ஓடும் பகுதி) வரும்போது சொல் நாக்கில் சுருளும். மிருதங்கக்காரர் கண் பாடுபவர் மேல் இருக்க வேண்டும்.

மணலி: நொட்டுஸ்வரம்

மொத்த நிகழ்ச்சியில் நம் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் தங்கியிருந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தை இளைஞர் முத்துசாமி கேட்டார். தம்பி பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். அண்ணனோ அந்த மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். ‘நோட்’ என்ற சொல்தான் நொட்டு ஆயிற்று. நாற்பதுக்கு அருகில் இருக்கின்றன, எல்லாம் சங்கராபரண சுரங்களில்.

இந்த மூன்றையும் ஒரே கொத்தாகப் பாடுங்கள், மொத்தம் 6 நிமிடம்: ‘சக்தி ஸஹித கணபதிம்’, ‘வந்தே மீனாக்ஷி’, ‘ஸந்ததம் பாஹிமாம்’. முதலாவது மூன்றெண்ணிக்கை. இரண்டாவது ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்னும் ஐரிஷ் ஆட்ட மெட்டு, நாலெண்ணிக்கை, துள்ளலாக. மூன்றாவது பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டேதான். 1957 வரை அது இந்த நாட்டிலும் அதிகாரபூர்வ கீதமாக இருந்தது. எண்பது வயதை ஒட்டிய தாத்தா ஆயா பலர் பள்ளியில் நின்று பாடியிருப்பார்கள். அறிவிப்பில் மெட்டின் பெயரைச் சொல்லாதீர்கள். பாட்டு தொடங்கட்டும், மூன்றாம் வரியில் அவர்களே கண்டுபிடித்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள். விளக்கம் அதற்குப் பிறகு.

பாட்டு எளிது, ஆனால் வாத்தியத்தில் மூன்று சிக்கல் வரும். ஒன்று சுருதி. பெண்பிள்ளைகளும் குரல் உடையாத பையன்களும் 5 கட்டையில், அதாவது ஜி-யில், வசதியாகப் பாடுவார்கள். கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்கோ சி மேஜர்தான் விரலில் இருக்கும். டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி மைனஸ் 5-இல் வையுங்கள். பலர் பிளஸ் 7 வைத்துவிடுவார்கள். ஜி தான் வரும், ஆனால் ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சென்று கேட்கும். நிகழ்ச்சி முடிந்ததும் பொத்தானைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்தால் அடுத்த நாள் பஜனையில் குழப்பம்தான்.

இரண்டாவது வயலின். பள்ளியில் மேற்கத்திய முறையில் கற்கும் பிள்ளை இருந்தால் விட்டுவிடாதீர்கள். கர்நாடக முறைப்படி தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று மாற்றிக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. நொட்டுஸ்வரத்தில் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) கிடையாது, சுத்தமான நின்ற சுரங்கள். அந்தப் பிள்ளை தன் வழக்கமான ஜி-டி-ஏ-இ சுருதியிலேயே, நின்றுகொண்டே, ஜி மேஜரில் வாசிக்கலாம். உட்காரச் சொல்லி வற்புறுத்தினால் வில் தடுமாறும்.

மூன்றாவது, கர்நாடகம் கற்ற பிள்ளைகளால் வருவது. அவர்களுக்குச் சங்கராபரணம் என்றதும் காந்தாரம், மத்தியமம் (க, ம) என்ற சுரங்கள் தானாக அசையும். ஆட்டினால் மெட்டு கெட்டுவிடும். ‘மணி அடித்த மாதிரி நில்’ என்று சொல்லிக்கொடுங்கள். மிருதங்கத்தையும் இங்கே நிறுத்திவிடலாம். வேண்டுமானால் கஞ்சிராவில் லேசாக எண்ணிக்கை.

காசி

குரு சிதம்பரநாத யோகி காசிக்கு அழைத்துப் போனார். அங்கேதான் இந்துஸ்தானி இசை காதில் விழுந்தது. அதைக் காட்ட 6 நிமிடம் வீணை மட்டும்: யமுனாகல்யாணி ராகத்தில் சிறிது ஆலாபனை (ராகத்தை விரித்து வாசிப்பது), பிறகு ‘ஜம்பூபதே’ பாட்டின் முதல் பகுதியான பல்லவி. எச்சரிக்கை ஒன்று. அந்தக் கிருதி திருவானைக்காவில் உள்ள அப்பு லிங்கத்தின் (நீர் லிங்கம்) மேல், காசியில் பாடியது அல்ல. ‘காசியில் பழகிய ராக வாசனை இந்தப் பாட்டில் தெரியும்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

வீணையைக் காரில் வெயிலில் விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போகாதீர்கள். வீணைத் தண்டின் மெட்டுகள் (தந்தியை அழுத்தும் உலோகக் கம்பிகள்) மெழுகின்மேல் நிற்கின்றன. சூட்டில் மெழுகு இளகி ஒரு மெட்டு நகர்ந்தாலும் அந்த மாலை முழுவதும் அபசுரம்தான், மண்டபத்தில் வைத்துச் சரிசெய்ய முடியாது. வீணை கிடைக்கவில்லை என்றால் இந்த உருப்படியை வயலினிலோ குரலிலோ செய்யலாம். ஆனால் தீட்சிதர் வைணிகர், வீணை வாசித்தவர். மேடையில் ஒரு வீணையாவது கண்ணில் படுவது நல்லது.

திருத்தணி: முதல் கிருதி

‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’, மாயாமாளவகௌளை, ஆதி, 8 நிமிடம். பிள்ளைகள் முதல் பாடமான சரளி வரிசை கற்ற அதே ராகம். ஆகவே முதலில் ஒரே ஒரு சரளி வரிசையை இரண்டு காலத்தில் பாடிவிட்டு, ‘இதே ஏழு சுரத்தில்தான் தீட்சிதர் தொடங்கினார்’ என்று சொல்லிப் பாட்டுக்குள் போகலாம். கேட்கும் பெற்றோருக்கு அது சட்டென்று பிடிபடும்.

இந்தப் பாட்டில் பிள்ளைகள் விழும் குழி சரணம். வரிக்கு வரி ‘மா’விலோ ‘ம’விலோ தொடங்கும்: மாயாமய, மாமக, மாதுர்ய, மாதவாத்ய, மாயா, மார... எதற்கடுத்து எது என்று தெரியாமல் ஒரு வரியிலிருந்து மூன்று வரி தாண்டிக் குதித்துவிடுவார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் குதித்தால்கூடப் பரவாயில்லை, ஆளுக்கொரு பக்கம் போவார்கள். இதற்கு மருந்து, வரிகளைப் பங்கிடுவது. இரண்டிரண்டு பேராக ஆறு அணி, அணிக்கு இரண்டு வரி. ‘மாயாமாளவகௌளாதி தேச’ என்று ராகப் பெயர் வரும் மத்தியமகாலத்தில் எல்லோரும் சேர்ந்துகொள்ளட்டும். இப்படிச் செய்தால் மூச்சும் மிச்சமாகும்.

பாட்டு முடிந்ததும் சபைக்குக் கல்கண்டு கொடுங்கள். கிரே ஸ்ட்ரீட் பக்கத்து மசாலாக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், 200 பேருக்கு ஒரு கிலோ தாராளம். தொண்டையில் சிக்கும் என்பதால் பாடும் பிள்ளைகளுக்கு மட்டும் நிகழ்ச்சி முடிந்த பிறகு.

திருவாரூர் மறுபடி: கமலாம்பா

காஞ்சியில் தங்கியதையும் பஞ்சபூதத் தலப் பாட்டுகளையும் இரண்டு வரியில் கடந்துவிடலாம். நேரத்தைத் திருவாரூர்க் கமலாம்பாள் மேல் அவர் பாடிய தொகுப்பான கமலாம்பா நவாவரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தோடியில் தியானம், பிறகு ஆனந்தபைரவி தொடங்கி ஆகிரி வரை ஒன்பது ஆவரணம், ஸ்ரீராகத்தில் மங்களம், ஆகப் பதினொன்று. வேற்றுமை உருபு மாறுவதை வைத்தே பாட்டுகளைக் கட்டியிருக்கிறார். தமிழ் வகுப்பில் ‘ஐ, ஆல், கு’ படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்காட்டலாம்: கமலாம்பா, கமலாம்பாம், கமலாம்பிகயா, கமலாம்பிகாயை...

பதினொன்றையும் பாட ஆசைப்படும் சங்கம் எங்கும் ஒன்று இருக்கும். வேண்டாம். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் பிடிக்கும், மொத்தம் இரண்டு மணி நேரத்தைத் தொடும். அது நவராத்திரியில் இரவுக்கு ஒன்றாகப் பாட வேண்டியது. இந்த மாலைக்கு ஒன்றே போதும்: பெரியவர் பாடும் ‘கமலாம்பாம் பஜரே’, கல்யாணி, ஆதி, 11 நிமிடம். இதுதான் நிகழ்ச்சியின் கனமான உருப்படி. சௌக்க காலத்தில், அதாவது மெதுவாக, பாட வேண்டும், வேகப்படுத்தினால் தீட்சிதரே காணாமல் போவார். பிள்ளைகள் இந்த 11 நிமிடமும் மேடையில் சும்மா உட்கார்ந்திருந்தால் நெளிவார்கள். தாளம் போடச் சொல்லுங்கள், சத்தமில்லாமல், தொடையில்.

தஞ்சாவூர்

பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு. நாட்டியக் கச்சேரிக்கு இன்றைய வரிசையைக் கொடுத்த இந்த நால்வரும் தீட்சிதரிடம் கற்றவர்கள். குருவைப் போற்றி நவரத்தினமாலை என்று ஒன்பது கிருதி செய்தவர்கள். டர்பனில் பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. 6 நிமிடத்துக்கு ஒரு ஜதிஸ்வரம் (சுரங்களுக்கு மட்டும் ஆடும் நாட்டிய உருப்படி) வையுங்கள். இது அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. முன்னால் பாடியது கல்யாணி, அடுத்து எட்டயபுரப் பகுதியில் வரும் பாட்டின் ராகம் அமிர்தவர்ஷிணி. இரண்டுக்கும் உயர்ந்த ‘ம’, அதாவது பிரதி மத்தியமம். இடைவெளியில்லாமல் பாடினால் ரிஷபமும் தைவதமும் (ரி, த) இல்லாத அமிர்தவர்ஷிணிக்குள் கல்யாணியின் தைவதம் நழுவி விழும். ஜதிஸ்வரம் காதைக் கழுவிவிடும், அதை வேறு ராகத்தில் வையுங்கள்.

எழுத்தும் உச்சரிப்பும்

சமஸ்கிருதப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதினால் நாலு ககரமும் ஒன்றாகும். தமிழ் இசை நூல்களில் உள்ளபடி க, க₂, க₃, க₄ என்று எண் போட்டு எழுதிக்கொடுங்கள். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் படிப்பார்கள். அந்தத் தாளையும் தமிழ் தெரிந்தவர் ஒருவரே எழுத வேண்டும். இணையத்திலிருந்து எடுத்தால் ஒரு பக்கத்தில் குறில் நெடில் காட்டியிருக்கும், அடுத்த பக்கத்தில் இருக்காது. நம் பிள்ளைகளின் த, ட இரண்டும் ஆங்கிலப் பழக்கத்தால் பல்லுக்கும் அண்ணத்துக்கும் நடுவே எங்கோ விழும். ‘தா-டா-தா-டா’ என்று ஐந்து நிமிடம் சொல்லவைத்துவிட்டு ஒத்திகையைத் தொடங்குங்கள்.

மூச்சு விடும் இடத்தையும் தாளில் சாய்கோடு போட்டுக் காட்டுங்கள். நீண்ட தொகைச் சொல்லின் நடுவே மூச்சு விட்டால் பொருள் இரண்டாக உடையும்.

‘தமிழ்ச் சங்க மேடையில் ஏன் சமஸ்கிருதம்?’ என்று கேட்பவர் இருப்பார், நியாயமான கேள்விதான். அவர்களுக்கு இதே முறையில் கோபாலகிருஷ்ண பாரதிக்கோ பாபநாசம் சிவனுக்கோ (1890–1973) அடுத்த ஆண்டு ஒரு மாலை நடத்தலாம். தீட்சிதர் பாட்டைத் தமிழில் மாற்றிப் பாட மட்டும் முயல வேண்டாம். அவர் சொல்லும் தாளமும் ஒன்றோடொன்று பின்னியவை, அவிழ்த்தால் இரண்டும் போய்விடும்.

ஒத்திகையும் மேடையும்

பத்து சனிக்கிழமை, வாரம் 75 நிமிடம். முதல் இரண்டு வாரம் நொட்டுஸ்வரம் மட்டும், உற்சாகம் வர அதுவே வழி. மூன்றிலிருந்து ஆறு வரை ‘ஸ்ரீநாதாதி’, வாரம் ஒரு பகுதி. ஏழும் எட்டும் எட்டயபுரப் பகுதியில் பாடும் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’. ஒன்பதில் கதை வாசிப்பவரோடு, பத்தில் மைக்கோடு. மத்தியமகாலப் பகுதியை முதலில் இருந்த வேகத்தின் பாதியில் சொல்லாகச் சொல்லவைத்து, வாய் பழகிய பிறகே சுரத்தோடு சேர்க்க வேண்டும். ஐந்தாவது வாரம் நாலு பேர் கிரிக்கெட்டுக்கோ கல்யாணத்துக்கோ போய்விடுவார்கள். அதற்குத்தான் இரண்டிரண்டு பேர் அணி.

மாலை முழுவதும் ஒரே சுருதி இருந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. பெரியவர் பெண் குரலானால் எல்லாம் 5 கட்டை. ஆண் குரல், 1 கட்டை (சி) என்றால் இரண்டு மிருதங்கம் வேண்டும்: உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம், தாழ்ந்ததற்கு 24. ஒன்றையே மேடையில் தட்டித் தட்டி ஏற்றி இறக்கினால் வார் தளர்ந்து, கடைசிப் பாட்டில் தொப்பென்று ஒலிக்கும். தொப்பிக்கு (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ரவை பிசைவதை நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் செய்யுங்கள். முன்கூட்டியே அப்பினால் காய்ந்து உதிரும். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வாத்தியம் இரவல் வாங்கினால் இரண்டு நாள் முன்பே வரவழையுங்கள். அங்கே வறண்ட காற்றில் இறுகியிருந்த தோல் கடற்கரைக் காற்றில் இளகி நிலைபெற நேரம் பிடிக்கும்.

சென்னையில் வாங்கிய சுருதிப்பெட்டி இங்கே அப்படியே ஓடும், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட். பிளக்தான் சிக்கல். இந்தியாவின் பெரிய மூன்று உருண்டை முனைப் பிளக் நம் சுவரில் ஏறும், சிறியது ஏறாது. மாற்றுப் பிளக் ஒன்று பையில் இருக்கட்டும். மின்சாரம் போனாலும் தம்புரா நிற்காதபடி கைபேசியில் ஒரு தம்புரா செயலி, முழு சார்ஜோடு, மேடை ஓரத்தில். மைக் ஐந்து: பெரியவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு, வீணைக்கு ஒன்று, கதை சொல்பவருக்கு ஒன்று. சிறிய மண்டபத்தில் மிருதங்கத்துக்கு மைக் வேண்டவே வேண்டாம். பாட்டுகளுக்கு உரிமைத்தொகை கிடையாது, இயற்றியவர் 1835-இல் மறைந்தவர். இன்னொருவரின் ஒலிப்பதிவை மண்டபத்தில் போட்டால் அது வேறு விஷயம்.

வரவேற்புரை, மாலை மரியாதை, நன்றியுரை எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம், அதில் மரியாதையும் நன்றியுரையும் கடைசிப் பாட்டுக்கு முன்னால். ஏன் என்பது கீழே தெரியும்.

எட்டயபுரம்

நம் சபைக்கு எட்டயபுரம் என்றால் பாரதியார். தீட்சிதர் அங்கே மறைந்து 47 ஆண்டு கழித்து, 1882-இல், பாரதி அதே ஊரில் பிறந்தார் என்று தொடங்குங்கள். தம்பி பாலுசாமி அந்த சமஸ்தானத்தில் வித்துவான். அவரைத் தேடி வரும் வழியில் வறண்ட நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷிணியில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ பாடினார், மழை பெய்தது என்று சொல்வார்கள். பிள்ளைகள் பாடட்டும், 7 நிமிடம். ‘வர்ஷய வர்ஷய’ என்று வரும் இடத்தில் குரலை உயர்த்தச் சொல்லாதீர்கள், தானே உயரும், சொன்னால் கத்துவார்கள்.

இதன் பிறகு நன்றியுரையும் மரியாதையும். அவை முடிந்ததும் கடைசிக் குறிப்பு: 1835 தீபாவளியன்று சீடர்கள் ‘மீனாக்ஷி மே முதம்’ பாடிக்கொண்டிருக்க, ‘மீனலோசனி பாசமோசனி’ என்ற வரியில் தீட்சிதர் உயிர் பிரிந்தது என்பது மரபு. அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது. பெரியவர் அந்தப் பாட்டைப் பாட வேண்டும். தீட்சிதர் மரபில் கமகக்கிரியா என்றும் இன்று பூர்விகல்யாணி என்றும் சொல்லும் ராகம், ஆதி, 9 நிமிடம். கற்பனைச் சுரம், தனியாவர்த்தனம் (மிருதங்கம் தனித்து வாசிப்பது) எதுவும் வேண்டாம். அந்த வரியை மூன்று முறை பாடி, மூன்றாம் முறையில் மிருதங்கம் விலகிக்கொள்ளட்டும். கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். குரல் நின்ற பிறகு தம்புராவை அரை நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகே மண்டப விளக்கைப் போடுங்கள்.